சைன் ஒன்றைத் தாண்டாது

எழுதுவது என் வேலை இல்லை. பள்ளிக்கூடப் படிப்போடு நின்றுவிட்டவள் நான். நாலு பேர் கூடிய இடத்தில் பெயரைச் சொல்லச் சொன்னாலே முந்தானையைத் திருகுவேன். அப்படிப்பட்டவள் பேனாவைத் தொட்டதே அதிகப்பிரசங்கம்; அதிலும் தொட்டிருப்பது கணக்குப் பாடத்தைப் பற்றி எழுத. கணக்கு அறிந்தவர்கள் கண்ணில் இது பட்டால் சிரித்துவிட்டு மன்னிக்க வேண்டும். போன வாரம் என் மகன் பத்தாம் வகுப்புப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு, இந்த சைன் ஏன் ஒன்றைத் தாண்ட மாட்டேன் என்கிறது என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டிருந்தான். நான் அடுப்படியில் இருந்தேன். எனக்குப் பதில் தெரியும். சொன்னால், உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பான். அந்தக் கேள்விக்குப் பதில் நீளமானது. அதனால் இங்கே எழுதுகிறேன்.

மாமல்லபுரத்துக்குத் தெற்கே கடலை ஒட்டிய ஒரு மீனவர் குப்பத்தில் நாங்கள் இருந்தோம். அப்பாவுக்கு ஒரு படகு இருந்தது. அதில் அவரும் மாமாவும் போவார்கள். மாமா என்றால் அம்மாவின் கடைசித் தம்பி. எங்கள் வீட்டிலேயே சாப்பிட்டு, எங்கள் வீட்டுக்கு அடுத்த குடிசையில் படுப்பவர். அம்மா மீன் கூடையைத் தூக்கிக்கொண்டு ஊருக்குள் தெருத்தெருவாகப் போய் விற்பாள். அக்கா பத்தாம் வகுப்பில் மற்ற எல்லாப் பாடத்திலும் தேறி, கணக்கில் மட்டும் தோற்றிருந்தாள். நான் ஐந்தாம் வகுப்பில் இருந்தேன். எந்தப் பாடத்திலும் தோற்க இன்னும் எனக்கு வயது வரவில்லை.

அக்கா தோற்ற அன்றே வீட்டில் முடிவு செய்துவிட்டார்கள். செப்டம்பரில் தனித்தேர்வு எழுதலாம். தேறினால் செங்கல்பட்டில் ஐ.டி.ஐ.யில் சேரலாம். தேறாவிட்டால் தை மாதம் மாமாவுக்கும் அவளுக்கும் கல்யாணம். இதை யாரும் மிரட்டலாகச் சொல்லவில்லை. மழை வந்தால் வலையை உள்ளே எடுத்து வைப்போம் என்பதைப் போல, இயல்பாகச் சொன்னார்கள். மாமா குடிக்க மாட்டார், கை நீட்ட மாட்டார், சொந்தத் தம்பி. பெண் வெளியே போகாது, தம்பியும் வெளியே போக மாட்டான் என்பது அம்மாவின் கணக்கு. அக்கா ஐ.டி.ஐ.யில் மின்சார வேலை படிக்க வேண்டும் என்றாள். எங்கள் குப்பத்தில் மின்சாரமே பாதி நாள் வராது. வராத ஒன்றுக்குப் படிப்பானேன் என்று அப்பா கேட்டார். வராததால்தான் படிக்க வேண்டும் என்றாள் அக்கா.

எனக்குக் கல்யாணம் பிடித்திருந்தது. எனக்குப் பச்சையில் அரக்குக் கரை போட்ட பட்டுப் பாவாடை எடுப்பதாக மாமா சொல்லியிருந்தார். அக்கா கணக்கில் தோற்க வேண்டும் என்று நான் சாமியிடம் வேண்டிக்கொண்டதில்லை. தேற வேண்டும் என்றும் வேண்டிக்கொண்டதில்லை. சாமி தானாகப் பார்த்துச் செய்யட்டும் என்று விட்டிருந்தேன்.

அக்காவுக்குக் கூட்டல், பெருக்கல் எல்லாம் நன்றாகவே வரும். அவளைக் கவிழ்த்தது முக்கோணம்தான். செங்கோண முக்கோணத்தில் செங்கோணத்துக்கு எதிரே சாய்ந்து கிடக்கும் பக்கம் கர்ணம். ஒரு கோணத்துக்கு எதிரே இருக்கும் பக்கத்தைக் கர்ணத்தால் வகுத்தால் அது அந்தக் கோணத்தின் சைன். பக்கத்திலேயே ஒட்டி இருப்பதைக் கர்ணத்தால் வகுத்தால் காஸ். எதிரே இருப்பதை ஒட்டி இருப்பதால் வகுத்தால் டேன். இதை அவள் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வாள். எழுதும்போது மட்டும் தலைகீழாக எழுதுவாள்.

அதற்குக் காரணம் எங்கள் வீடுதான். அப்பா கடலில் நங்கூரம் போடும் விதத்தைக் கேட்டுக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். இரண்டு கையையும் விரித்தால் ஒரு விரல் நுனியிலிருந்து மறு விரல் நுனி வரை ஒரு பாகம். ஆழம் ஒரு பாகம் என்றால் கயிறு மூன்று பாகம் விட வேண்டும்; அப்போதுதான் நங்கூரம் மணலைக் கவ்வும், படகு நிற்கும். எங்கள் வீட்டில் கயிற்றைத்தான் முதலில் சொல்வோம், ஆழம் அதற்குப் பிறகு. ‘கயிறு மூணு, ஆழம் ஒண்ணு’ என்பது சோற்றோடு ஊட்டப்பட்டது. அதனால் சாய்ந்த பக்கம் எதுவாக இருந்தாலும், ஏணியோ, பட்டத்து நூலோ, அக்காவின் கை அதைத்தான் மேலே எழுதும். சைன் எவ்வளவு என்று கேட்டால் மூன்று என்பாள்.

பரீட்சைக்கு இரண்டு நாள் இருக்கும்போது டியூஷன் சார் அந்த மூன்றைப் பார்த்துவிட்டு எல்லோருக்கும் காட்டிச் சிரித்தாராம். குறுங்கோணம் எதுவாக இருந்தாலும் சைனும் காஸும் பூஜ்யத்துக்கும் ஒன்றுக்கும் நடுவில்தான் இருக்கும், அதைத் தலைகீழாகப் போட்டால் வரும் கோசீக்கும் சீக்கும் ஒன்றுக்கு மேல்தான் இருக்கும், டேன் மட்டும் எவ்வளவு வேண்டுமானாலும் போகும் என்று சொன்னாராம். சைன் மூன்று வருகிற முக்கோணம் உங்கள் குப்பத்தில் மட்டும்தான் இருக்கும் என்றும் சொன்னாராம்.

அக்கா அழுதுகொண்டு வரவில்லை. நேராக வந்து, கரியை எடுத்து, எங்கள் வீட்டுக் கதவின் உள்பக்கத்தில் சார் சொன்ன விதியை எழுதினாள். எழுதிவிட்டு அதையே முறைத்துப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மனப்பாடம் செய்துவிடேன் என்று அம்மா சொன்னாள். அக்கா மாட்டேன் என்று தலையை ஆட்டினாள்.

“ஏன் தாண்டாதுன்னு அவுரு சொல்லலமா. தாண்டாதுன்னு மட்டும் சொன்னாரு. நான் தாண்டவுட்டு பாக்கப் போறேன்.”

மறுநாள் வியாழக்கிழமை. வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குப் பரீட்சை. வியாழன் மாலை வெயில் இறங்கியதும் அக்கா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மணலுக்குப் போனாள். எங்கள் வீட்டுக்கு எதிரே வலை காயப்போடும் கம்பங்கள் நட்டிருக்கும். அதில் ஒன்று கவட்டையோடு கூடிய சவுக்குக் கம்பம், இரண்டு பாகம் உயரம். மாமா அங்கே படகின் நங்கூரக் கயிற்றை மணலில் நீட்டிப் போட்டு முறுக்குப் பிரித்துக்கொண்டிருந்தார். அக்கா அவரிடம் கயிற்றைக் கேட்டாள். எதற்கு என்று அவர் கேட்கவில்லை. கம்பத்தில் ஏறிக் கயிற்றின் ஒரு நுனியைக் கவட்டை வழியாக விட்டு இந்தப் பக்கம் இறக்கிக் கொடுத்தார்.

அந்த நுனி என் கையில். கவட்டைக்கு அந்தப் பக்கம் தொங்கிய கயிற்றை மாமா பிடித்துக்கொண்டார். அக்கா சொல்கிறபடி விடவும் இழுக்கவும் வேண்டியது அவர் வேலை. மிச்சக் கயிறு அவர் காலடியிலிருந்து மணலில் நீளமாகக் கிடந்தது. நுனியை மணலில் படும்படி பிடித்துக்கொண்டு நடக்க வேண்டியது என் வேலை. கம்பம் ஒரு பக்கம், கம்பத்தடியிலிருந்து என் கால் வரை மணல் ஒரு பக்கம், கவட்டையிலிருந்து என் கை வரை சாய்ந்த கயிறு ஒரு பக்கம். கோணம் என் காலடியில். அக்கா கயிற்றில் பாகம் பாகமாக அடையாளம் வைத்து நின்றாள்.

முதலில் என்னைத் தூரப் போகச் சொன்னாள். நான் பின்னாலேயே நடந்தேன். மாமா விட விடக் கயிறு நீண்டுகொண்டே போனது. கம்பம் அதே இரண்டு பாகம்தான். என் காலடிக் கோணம் சப்பையாகிக்கொண்டே வந்தது. கம்பத்தைக் கயிற்றால் வகுத்தால் கால் ஆயிற்று, அதற்கும் கீழே ஆயிற்று. எவ்வளவு தூரம் போனாலும் கம்பம் அங்கே நின்றுகொண்டுதான் இருந்தது. அதனால் பூஜ்யம் மட்டும் ஆகவில்லை. பிறகு கிட்டே வரச் சொன்னாள். வர வரக் கோணம் நிமிர்ந்தது, கயிறு குறைந்தது, விகிதம் ஏறியது. அரை, முக்கால், இன்னும் மேலே. கயிறு குறைகிறதே தவிர, கம்பத்தை விடக் குட்டையாக ஆகிற வழியைக் காணோம்.

இதற்குள் சுற்றிலும் ஆள் சேர்ந்துவிட்டது. எங்கள் குப்பத்தில் ஒரு நாய் தும்மினாலும் நாலு பேர் வருவார்கள். மாமாவின் கூட்டாளி ஒருவர், அவரும் மீன்பிடிக்கிறவர்தான், இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டார்:

“இன்னா மச்சான், அந்தப் பொண்ணு பாஸ் பண்ணா உனுக்கு கல்யாணமே கெடையாது. நீ அதுக்கு கயிறு புடிச்சிகினு கீற?”

மாமா சிரித்தார். “சரியா புடிக்கலன்னா கணக்கு தப்பா பூடும் மச்சான்,” என்றார்.

பக்கத்து வீட்டு அத்தை கருவாட்டைத் திருப்பிப் போட்டபடியே, சைன், காஸ், டேன் என்கிறாளே, இந்த மூன்றில் எது ரொம்ப நல்லது என்று கேட்டாள். சைனும் காஸும் பெண் பிள்ளைகள், ஒன்று என்கிற வாசல்படியைத் தாண்டாது என்றாள் அக்கா. டேன் ஆண் பிள்ளை; கம்பத்தைப் பக்கத்து மணலால் வகுப்பது, தங்கச்சி கிட்டே வர வர மணல் சுருங்கிக்கொண்டே போகும், அது ஏறிக்கொண்டே போகும், கேட்க ஆளில்லை என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை.

நான் கம்பத்தோடு ஒட்டி நின்றேன். கயிறு செங்குத்தாகத் தொங்கியது. கம்பம் இரண்டு, கயிறு இரண்டு. சரியாக ஒன்று. அக்கா நெற்றியைச் சுருக்கிக்கொண்டு பார்த்தாள். எனக்கு இது போதாது, இன்னும் மேலே போக வேண்டும் என்றாள். கயிறு கம்பத்தை விடக் குட்டையாக வேண்டும். மாமாவை இழுக்கச் சொன்னாள். என்னைக் கயிற்றை விடக் கூடாது என்றாள். நான் விடவில்லை. மாமா இழுத்தார். கயிற்றோடு நானும் மேலே போனேன்.

தரையிலிருந்து ஒரு முழம் உயரத்தில், நுனியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, மீன் தூண்டிலில் தொங்குவதைப் போல நான் தொங்கினேன். ஊர் மொத்தமும் பார்த்துக்கொண்டிருந்தது. எனக்கு வெட்கத்தில் கண்ணை மூடிக்கொள்ளத்தான் தோன்றியது. அக்காவுக்கு அப்போதுதான் கண் திறந்தது. என் காலுக்கும் மணலுக்கும் நடுவே இருந்த இடைவெளியைப் பார்த்துவிட்டு அவள் ஓடி வந்தாள். முழங்கால் போட்டு உட்கார்ந்து அந்தக் காலி இடத்தில் கையை விட்டு அப்படியும் இப்படியும் ஆட்டினாள்.

“கயிறு குட்டையானா தரைக்கே வராது. தரைக்கு வரலன்னா முக்கோணமே கெடையாது. அதான் தாண்டல.”

அவள் குரல் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் கேட்டதில்லை. ஆனால் சுற்றிலும் சிரிப்பு நின்றுவிட்டிருந்தது. மாமா மெதுவாக என்னை இறக்கினார். பக்கத்து வீட்டு அத்தைதான் முதலில் பேசினாள். “கயித்த தாண்டிட்டாடி,” என்றாள்.

மாமாவின் காலடியிலிருந்து மணலில் கிடந்த மிச்சக் கயிறு அக்காவுக்கும் எனக்கும் நடுவில் இருந்தது. மாலை முழுவதும் அவள் அதைச் சுற்றிச் சுற்றித்தான் நடந்தாள். கடைசியில் ஓடி வந்தபோது நேரே தாண்டிவிட்டாள். எங்கள் குப்பத்தில் பெண்கள் நங்கூரக் கயிற்றைத் தாண்ட மாட்டார்கள். தாண்டினால் கயிறு கடலில் பிடிக்காது என்று நம்பிக்கை. தெரியாமல் தாண்டிவிட்டால் அதற்கும் ஒரு வழக்கம் உண்டு. அந்தக் கயிறு கடலுக்குப் போய் மீனோடு திரும்பி வரும்வரை, தாண்டியவள் வீட்டை விட்டு வெளியே போகக் கூடாது.

அப்பா சற்றுத் தள்ளி வலை பின்னிக்கொண்டிருந்தார். அவர் கத்துகிறவர் இல்லை. வலை ஊசியைக் கீழே வைத்தார். கயிற்றுக்கு மஞ்சள் தண்ணீர் தெளித்து ஒரு நாள் வைக்க வேண்டும், நாளைக்குப் படகு போகாது என்று மட்டும் சொன்னார். படகு போகாவிட்டால் கயிறு போகாது. கயிறு போகாவிட்டால் அக்கா போக முடியாது.

கூடையோடு அம்மா திரும்பி வந்தபோது செய்தி அவளுக்கு முன்பே வீட்டுக்கு வந்திருந்தது. எனக்கு நாளைக்குப் பரீட்சை என்றாள் அக்கா. அம்மா கூடையைக் கவிழ்த்து வைத்தாள்.

“கணக்கு எங்கயும் ஓடிடாது. அடுத்த வருசம் எழுதிக்கோ.”

அடுத்த வருடம் என்பது தை மாதத்துக்கு அந்தப் பக்கம் இருந்தது. அது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். எனக்கே தெரியும். பட்டுப் பாவாடை கிட்டே வந்துவிட்டது. ஆனால் அக்காவின் முகத்தைப் பார்த்தால் அதைப் பற்றி நினைக்கப் பயமாக இருந்தது.

அக்கா சண்டை போடவில்லை. சொல்லாமல் ஓடிப் போகவும் நினைக்கவில்லை. வழக்கத்தை மீறிப் போய், அப்புறம் யார் வீட்டுப் படகுக்காவது ஏதாவது ஆனால் அம்மாவைத் தெருவில் நிற்க வைத்துக் கேட்பார்கள் என்று அவளுக்குத் தெரியும். அவள் ஹால் டிக்கெட்டை எடுத்து வைத்தாள். பென்சிலைச் சீவினாள். தாவணியைத் துவைத்துக் காயப் போட்டாள். நாளைக் காலையில் நான் தயாராக உட்கார்ந்திருப்பேன், அது என் வேலை. மீதி கடலின் வேலை என்றாள்.

அப்போது மாமா உள்ளே தலையை நீட்டினார். படகு வேண்டாம், தன்னுடைய பழைய கட்டுமரத்தில் தனியாகப் போவதாகச் சொன்னார். இதே கயிற்றை எடுத்துக்கொண்டு போவதாகவும் சொன்னார். அம்மா பதறினாள். தாண்டின கயிற்றோடு ஒற்றை ஆளாகப் போகிறாயா, உனக்கு என்ன கேடு என்று திட்டினாள். ஒரு வாரமாகக் கடல் கலங்கிக் கிடக்கிறது, இரண்டு பேர் போகிற படகுக்கே குழம்புக்கு மீன் கிடைக்கவில்லை என்றாள். மாமா அவளைப் பார்க்காமல் அப்பாவைப் பார்த்துக் கேட்டார்.

“மச்சான், மீனோட வந்தா சரிதானே? வழக்கம் அதுதானே?”

அப்பா கயிறு கிடந்த பக்கம் திரும்பிப் பார்த்தார். “மீனோட வந்தா சரிதான்,” என்றார்.

காலையில் நான் கண் விழித்தபோது மாமா போய்விட்டிருந்தார். அக்கா குளித்து, தலையைப் பின்னி, துவைத்த தாவணி கட்டி, கதவுக்கு உள்ளே சப்பணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். பரீட்சை அட்டை மடியில் இருந்தது. படியைத் தாண்டாமல், ஆனால் ஒரு அடி எடுத்து வைத்தால் தெருவில் இருக்கிற மாதிரி உட்கார்ந்திருந்தாள். என்னைக் கேள்வி கேட்கச் சொன்னாள். நான் கதவில் கரியால் எழுதியிருந்ததைப் பார்த்துப் பார்த்துக் கேட்டேன்.

“சைனு?”

“பூஜ்யத்துக்கு மேல, ஒண்ணுக்குள்ள.”

“காஸு?”

“அதுவும் அப்டிதான்.”

“கோசீக்கு?”

“ஒண்ணுல இருந்து கெளம்பி மேல. கீழ வந்தா நான் தப்பா போட்டுட்டேன்னு அர்த்தம்.”

ஏழரை ஆயிற்று. மாமல்லபுரத்தில் எட்டு மணிக்குச் செங்கல்பட்டு பஸ். அதை விட்டால் அடுத்தது திருக்கழுக்குன்றத்தில் நின்று நின்று போகும். பரீட்சை தொடங்கிய பிறகுதான் போய்ச் சேரும். குப்பத்துப் படகுகள் ஒவ்வொன்றாகக் கரை ஏறின. எல்லாவற்றிலும் வலை நனைந்திருந்தது, அவ்வளவுதான். அம்மா மணலில் நின்று வடக்கே பார்த்துக்கொண்டிருந்தாள், மாமா வடக்கே போனதாக யாரோ சொன்னார்கள். அக்கா கடலைப் பார்க்கவே இல்லை. அட்டையில் கிடந்த வெள்ளைத் தாளில் முக்கோணமாகப் போட்டுக்கொண்டிருந்தாள்.

மாமாவின் கட்டுமரம் தெற்கே இருந்து வந்தது. புதுப்பட்டினம் பக்கத்திலிருந்து, கரையை ஒட்டியே வந்தது. யாரோ பார்த்துச் சொல்ல, எல்லோரும் அந்தப் பக்கம் ஓடினோம். மாமா இறங்கி, நங்கூரக் கயிற்றை முதலில் எடுத்து அப்பாவின் காலடியில் போட்டார். பிறகு ஒரு கூடையைத் தூக்கி அம்மாவின் முன்னால் வைத்தார். கூடை நிறையச் சங்கரா மீன். சிவப்பாகப் பளபளத்தது.

கூட்டத்தில் ஒரு சத்தம் எழுந்தது. இந்தக் கலங்கலில் சங்கராவா என்று பக்கத்து வீட்டு அத்தை வாயைப் பிளந்தாள். நேற்றுக் கேலி செய்த கூட்டாளி கூடையை எட்டிப் பார்த்துவிட்டு மாமாவைப் பார்த்தார். அம்மா குனிந்து கூடைக்குள் கையை விட்டாள். மீன் வாங்குகிற இடத்தில் அவள் எப்போதும் செய்கிறதுதான். ஒரு மீனை எடுப்பாள், செவுளை விரலால் தூக்குவாள், வயிற்றை அழுத்துவாள், கண்ணைப் பார்ப்பாள். அன்றும் ஒரு மீனை எடுத்தாள். செவுளைத் தூக்கினாள். வயிற்றை அழுத்தவில்லை, கண்ணைப் பார்க்கவில்லை.

நானும் அவள் பக்கத்தில் குந்தி, கூடைக்குள் கையை விட்டேன். விரல் விறைத்தது.

“யம்மா, மீனு சில்லுன்னு கீது.”

அம்மா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. செவுளை மூடி மீனைக் கூடைக்குள் போட்டாள். முந்தானையை உருவிக் கூடையின் மேல் போட்டு மூடினாள்.

“கடலு சில்லுன்னுதாண்டி இருக்கும்,” என்றாள். பிறகு வீட்டுப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தாள். “மணி இன்னா ஆவுது? பஸ்ஸு பூடப் போவுது. கெளம்பச் சொல்லு அவள.”

சொல்ல வேண்டியிருக்கவில்லை. அக்கா படியைத் தாண்டிப் பாதி மணலுக்கு வந்துவிட்டிருந்தாள். அப்பா வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு பொத்தான் போடாமலேயே அவள் பின்னால் ஓடினார். போகிற போக்கில் அக்கா மாமாவிடம் ஏதாவது சொல்வாள் என்று நான் பார்த்தேன். ஒன்றும் சொல்லவில்லை. மாமாவும் தலைத்துண்டைப் பிழிந்துகொண்டு நின்றிருந்தார். அவள் சவுக்குத் தோப்பைக் கடந்து தார் ரோட்டில் ஏறி மறைகிற வரை பிழிந்துகொண்டே இருந்தார். அதில் அவ்வளவு தண்ணீர் இல்லை.

சாயங்காலம் அக்கா திரும்பி வந்து சொன்னாள். கலங்கரை விளக்கமும் கப்பலும் வைத்து ஒரு பெரிய கணக்கு வந்ததாம். பழைய கை அதன் குணத்தைக் காட்டிவிட்டதாம். சைன் ஐந்தின் கீழ் நான்கு என்று எழுதிவிட்டாளாம். எழுதி முடித்து அதைப் பார்த்தபோது, ஒன்றுக்கு மேலே நிற்கிறதே, கயிறு தரைக்கு வரவில்லையே என்று தோன்றியதாம். அடித்துவிட்டு நான்கின் கீழ் ஐந்து என்று திருத்தி, அங்கிருந்து மறுபடி போட்டாளாம். அவள் தேறினாள். பிரமாதமான மார்க் இல்லை, தேறினாள். ஐ.டி.ஐ.யில் சேர்ந்தாள். இன்றைக்கு மறைமலைநகர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் அவளுக்குக் கீழே ஆட்கள் வேலை செய்கிறார்கள். மாமா நாலு வருடம் கழித்துக் கோவளம் பக்கத்தில் பெண் எடுத்தார். அந்தக் கல்யாணத்தில் எனக்குப் பட்டுப் பாவாடை கிடைத்தது. நான் வளர்ந்துவிட்டிருந்ததால் அது தாவணியோடு கிடைத்தது.

ஆனால் அந்த வெள்ளிக்கிழமை எனக்கு ஒன்றும் சரியாக விளங்கவில்லை. எங்கள் குப்பத்தில் யாரும் கடலுக்கு ஐஸ் எடுத்துப் போவதில்லை. புதுப்பட்டினத்து வியாபாரிகள்தான் முந்தின நாள் மீனைப் பெட்டியில் ஐஸ் போட்டு வைத்திருப்பார்கள். இது எனக்கும் தெரியும், அம்மாவுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். இருந்தும் அந்தத் தெரிந்த விஷயத்தையும் கூடையில் இருந்த குளிர்ச்சியையும் சேர்த்துப் பார்க்க எனக்கு அன்று தோன்றவில்லை. பெண் தன் கையை விட்டுப் போவதற்கு மாமா ஏன் இருட்டோடு எழுந்து போய் மீனைத் தேடிக்கொண்டு வந்தார் என்பதும் தோன்றவில்லை. தம்பியை வீட்டோடு வைத்துக்கொள்ள வேண்டும் என்று அத்தனை நாள் பாடுபட்ட அம்மா, ஒரு செவுளைத் தூக்கிப் பார்த்த நேரத்துக்குள் எப்படி அதை விட்டுக்கொடுத்தாள் என்பதும் தோன்றவில்லை. அம்மா அன்று அந்தக் கூடையை விற்க எடுத்துப் போகவில்லை. குழம்புக்கு எடுத்தால் நாலு நாள் பேசும்படியான சங்கராவை, ஒன்று விடாமல் வயிற்றைக் கீறி உப்புப் போட்டுவிட்டாள். நல்ல மீனை யாராவது கருவாடு போடுவார்களா என்று நான் கேட்டேன். வாயை மூடிக்கொண்டு உப்பை எடு என்றாள்.

எனக்கு ஒரே ஒரு சந்தேகம் மட்டும் இருந்தது. அதை யாரிடமும் கேட்கக் கூச்சமாக இருந்ததால் நானே போய்ப் பார்த்தேன். பொழுது சாய்கிற நேரத்தில் தனியாகக் கரைக்குப் போய், அலை வரும் வரை நின்று, முழங்கால் வரை கடலில் இறங்கினேன். தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. இன்னும் கொஞ்சம் உள்ளே போனால் சில்லென்று இருக்கும்போல என்று நினைத்துக்கொண்டு திரும்பி வந்துவிட்டேன்.

மறுநாள் சனிக்கிழமை. பள்ளிக்கூடம் இல்லை. மீனை மணலில் காயப்போட்டு, காக்கை விரட்ட என்னை உட்கார வைத்தார்கள்.